'வயசாயிடுச்சும்மா': மூப்பு, அழற்சி, சாதி

(அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாளையொட்டி இளைஞர்களுக்காக நடந்த வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். நேரம் போதாமல் விட்டுப்போன சில தகவல்களை இங்கே சேர்த்திருக்கிறேன்.)



என்னைப் பேசக் கூப்பிட்ட தோழர், "உங்க ஆராய்ச்சியைப் பத்தியே பேசுங்க, ஆனா எங்களுக்குப் புரியிற மாதிரி பேசுங்க" என்று சொன்னார். நான் உயிர்வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். வயது ஏறும்போது நம் நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கு என்ன ஆகிறது என்பதுதான் என் துறை. இதற்கும் சாதி ஒழிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களுக்குத் தோன்றலாம். சம்பந்தம் இல்லை என்றுதான் நானும் பல வருடம் நினைத்திருந்தேன். இரண்டு வருடத்துக்கு முன்பு ஒருநாள் காலையில் அந்த நினைப்பு போய்விட்டது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

என் அம்மா தூய்மைப் பணியாளர். இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாகத் தெருக் கூட்டுகிறார், குப்பை அள்ளுகிறார். இன்றைக்கும் ஒப்பந்தக் கூலிதான். முழங்கால் வீங்கி நடக்க முடியாமல் போனதால் ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். சீட்டு எழுதுகிறவர் என்னைப் பார்த்து, "பாட்டிக்கு வயசு என்ன?" என்றார். "அம்மாங்க. ஐம்பத்திரண்டு" என்றேன். அவர் நிமிர்ந்து அம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டு, "ஆதார் இருக்கா?" என்று கேட்டார். அம்மா சிரித்துக்கொண்டே முந்தானையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உள்ளே மருத்துவர் காலை அழுத்திப் பார்த்தார். சர்க்கரை இருக்கிறது, இரத்த அழுத்தம் இருக்கிறது, ஈறு வீங்கியிருக்கிறது, இருமலும் இருக்கிறது. "வயசாயிடுச்சும்மா, இனிமே அப்படித்தான் இருக்கும். வெயிட் தூக்காதீங்க" என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். அம்மாவின் வேலையே வெயிட் தூக்குவதுதான். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று அவர் கேட்கவே இல்லை.

என் ஆய்வு நெறியாளருக்கும் அம்மாவுக்கும் ஒரே வயது. அவர் வாரத்தில் மூன்று நாள் ஷட்டில் ஆடுகிறார். நல்ல மனிதர், அவர் ஆரோக்கியமாக இருப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அன்று பேருந்தில் திரும்பும்போது ஒரே கேள்விதான் மனதில் ஓடியது. வயதுதான் காரணம் என்றால், அதே வயது அவரை ஏன் ஒன்றும் செய்யவில்லை?

முள் குத்தினால் என்ன நடக்கிறது?

அடிப்படையிலிருந்து பார்ப்போம். காலில் கருவேல முள் குத்துகிறது. கொஞ்ச நேரத்தில் அந்த இடம் சிவக்கிறது, வீங்குகிறது, சூடாகிறது, வலிக்கிறது. இதுதான் அழற்சி. இது நோயல்ல, நம் உடலின் காவல் வேலை. கிருமி உள்ளே வந்துவிட்டது என்று தெரிந்ததும் அங்கிருக்கும் வெள்ளணுக்கள் சைட்டோகைன் எனப்படும் புரதங்களை வெளியிட்டுச் சேதி அனுப்புகின்றன. இரத்தக் குழாய் விரிகிறது, மற்ற அணுக்கள் வந்து சேருகின்றன, கிருமியைத் தின்கின்றன. கல்லீரல் சி.ஆர்.பி. என்ற புரதத்தை இரத்தத்தில் கொட்டுகிறது. வேலை முடிந்ததும் எல்லாம் அடங்கிவிட வேண்டும். அப்படி அடங்குவதற்கென்றே உடலில் தனி ஏற்பாடு இருக்கிறது.

பிரச்சினை, அடங்காதபோது வருகிறது. வயது ஏற ஏற, முள்ளும் இல்லாமல் காய்ச்சலும் இல்லாமல், உடல் முழுவதும் லேசான அழற்சி தணல் போலக் கிடப்பதை மருத்துவர்கள் பலரிடம் பார்த்தார்கள். இத்தாலிய அறிவியலாளர் கிளாடியோ பிரான்செஸ்கி 2000-ஆம் ஆண்டில் இதற்கு 'இன்ஃப்ளமேஜிங்' என்று பெயர் வைத்தார். அழற்சி, மூப்பு என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களை ஒட்டி உருவாக்கிய பெயர் அது. நாம் அழற்சி மூப்பு என்று சொல்லலாம்.

இது எங்கிருந்து வருகிறது? பல வழிகள் இருக்கின்றன. வயதான செல்கள் சில பிரிவதை நிறுத்திவிடும், ஆனால் சாகாது. உட்கார்ந்த இடத்திலிருந்து அழற்சிப் புரதங்களைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். வயிற்றுக்குள் சேரும் கொழுப்பும் அதே வேலையைச் செய்யும். நாள்பட்ட ஈறு நோயும், குடலிலிருந்து கசியும் கிருமிப் பொருள்களும், காற்றில் இருக்கும் நுண்தூசியும், தூக்கக் கேடும் அந்தத் தணலை ஊதிவிடும். இன்னொரு பக்கம், மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் என்ற உறுப்பு இளமையிலிருந்தே சுருங்கி வருவதால், புதிய டி செல்களின் வரத்து குறைந்துகொண்டே போகும். அதனால் வயதானவரின் உடல் புதுக் கிருமியை எதிர்க்கத் தடுமாறும், அதே நேரத்தில் தேவையில்லாமல் கொதித்துக்கொண்டும் இருக்கும். கொரோனா காலத்தில் இந்த இரண்டையும் சேர்த்தே பார்த்தோம்.

இந்தத் தணல் சும்மா கிடப்பதில்லை. இரத்தக் குழாயின் உட்சுவரில் கொழுப்புத் திட்டு வளரவும் வெடிக்கவும் உதவுகிறது. இன்சுலின் சொல்வதைச் செல்கள் கேட்காமல் செய்கிறது. தசையைக் கரைக்கிறது, எலும்பையும் சிறுநீரகத்தையும் அரிக்கிறது. 2017-இல் வெளியான கான்டோஸ் என்ற மருந்துச் சோதனை இதற்கு ஒரு முக்கியமான சான்று. மாரடைப்பு வந்து பிழைத்த 10,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த சோதனை அது. கொலஸ்ட்ராலைத் தொடாமல், ஒரே ஒரு அழற்சிப் புரதத்தை மட்டும் தடுக்கும் ஊசியைப் போட்டார்கள். நடுத்தர அளவில் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய்ச் சாவு ஆகியவை சேர்ந்து சுமார் 15 சதவீதம் குறைந்தன. ஆனால் கிருமித் தொற்றால் இறந்தவர்கள் சற்று அதிகமானார்கள், மொத்த இறப்பு குறையவில்லை. அழற்சி ஒரு காரணம் என்பது உறுதியானது. அதை ஊசி போட்டு அணைத்துவிட்டால் போதும் என்பது அவ்வளவு எளிதில்லை என்பதும் தெரிந்தது.

எல்லோருக்கும் இப்படித்தான் ஆகுமா?

வயதானால் எல்லா மனிதருக்கும் இது வந்தே தீரும் என்றுதான் வெகுகாலம் எழுதிக்கொண்டிருந்தார்கள். 2025-இல் 'நேச்சர் ஏஜிங்' இதழில் வந்த ஓர் ஆய்வு அதைக் கேள்வி கேட்டது. இத்தாலி, சிங்கப்பூர் ஆகிய இரண்டு நாடுகளின் முதியவர்களையும், பொலிவியாவின் திஸிமானே, மலேசியாவின் ஓராங் அஸ்லி என்ற இரண்டு பழங்குடி மக்களையும் ஒப்பிட்டார்கள். முதல் இரண்டு இடங்களில் வயதோடு அழற்சியும், அழற்சியோடு நாள்பட்ட நோய்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஏறின. பழங்குடி மக்களிடம் அந்த ஒழுங்கு இல்லை. அவர்களிடமும் அழற்சி இருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் தொற்றுகளால் வருவது, வயதைப் பின்தொடர்ந்து ஏறுவதில்லை, இதய நோயாகவோ சர்க்கரை நோயாகவோ முடிவதுமில்லை.

இதைக் கேட்டுவிட்டு, காட்டுக்குத் திரும்பினால் ஆரோக்கியம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். தொற்று நோய்கள் அந்த மக்களிடம் எடுக்கும் உயிர்கள் அதிகம். நான் சொல்ல வருவது இதுதான்: அழற்சி மூப்பு என்பது பிறந்த தேதியில் எழுதி வைக்கப்பட்டது அல்ல. எப்படி வாழ்கிறோம், எதைச் சுவாசிக்கிறோம், என்ன வேலை செய்ய வைக்கப்படுகிறோம் என்பது அதைத் தீர்மானிப்பதில் பெரிய பங்கு வகிக்கிறது.

படிநிலை உடலுக்குள் இறங்குகிறது

அம்பேத்கர் சாதியைப் படிநிலைப்படுத்தப்பட்ட சமத்துவமின்மை என்று விளக்கியது இங்கே இருக்கும் எல்லோருக்கும் தெரியும். அந்தப் படிநிலை உடலுக்குள் இறங்குமா? இதற்கு நேரடியான ஒரு சோதனை உண்டு. அது குரங்குகளிடம் நடந்தது.

அமெரிக்காவில் நோவா ஸ்னைடர்-மேக்லர், ஜென்னி டங் ஆகியோர் இருந்த குழு 2016-இல் 'சயின்ஸ்' இதழில் இதை வெளியிட்டது. 45 பெண் ரீசஸ் குரங்குகள், ஐந்தைந்தாக ஒன்பது கூட்டங்கள். எல்லாக் கூட்டங்களுக்கும் ஒரே உணவு, ஒரே மருத்துவ வசதி. இந்தக் குரங்குகளிடம் ஒரு வழக்கம் உண்டு. கூட்டத்துக்குள் முதலில் விடப்பட்டது பெரும்பாலும் மேல்நிலைக்குப் போய்விடும், கடைசியில் விடப்பட்டது கீழே தள்ளப்படும். ஆக, எது மேல் எது கீழ் என்பதை முடிவு செய்தது ஆய்வாளர்கள் உள்ளே விட்ட வரிசைதான். குரங்கின் திறமையோ பிறப்போ அல்ல.

பிறகு இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கீழ்நிலைக் குரங்குகளின் எதிர்ப்பு அணுக்களில் அழற்சியைத் தூண்டும் மரபணுக்கள் அதிகம் வேலை செய்தன. அந்த அணுக்கள்மேல் பாக்டீரியாவின் சுவரிலிருந்து எடுத்த ஒரு பொருளைச் சேர்த்தபோது, கீழ்நிலைக் குரங்குகளின் அணுக்கள் இன்னும் கடுமையாகக் கொதித்தன. அடுத்ததாகக் கூட்டங்களைக் கலைத்து, வரிசையை மாற்றி அடுக்கினார்கள். நிலை மாறியதும் அணுக்களின் நடத்தையும் புதிய நிலைக்கு ஏற்றபடி மாறியது.

இதை நான் முதன்முறை படித்தபோது இரண்டு விஷயங்களில் நின்றுவிட்டேன்.

ஒன்று, அந்தப் பாக்டீரியாப் பொருள். எண்டோடாக்சின் என்பார்கள். என் ஆய்வகத்திலும் செல்களில் அழற்சியை உண்டாக்க அதைத்தான் பயன்படுத்துகிறேன். நானோகிராம் கணக்கில், கையுறை போட்டுக்கொண்டு, அளந்து ஊற்றுகிறேன். அழுகும் குப்பையின் தூசியிலும் அதே பொருள்தான் இருக்கிறது. அம்மா காலை ஐந்து மணிக்குத் தொட்டியைக் கவிழ்க்கும்போது அது அளவில்லாமல் நுரையீரலுக்குள் போகிறது. மூன்றரைக்கு எழுந்த தூக்கமில்லாத உடம்பு அது. "இங்க வா, போ" என்று வயதில் சிறியவர்களெல்லாம் ஒருமையில் கூப்பிடும் உடம்பு. மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப் போகிறவர்களை நாள் முழுக்கப் பார்க்கும் உடம்பு.

அவமானம் மனதோடு நிற்பதில்லை. நெருக்கடி வரும்போது உடல் கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அழற்சியை அடக்குவது அதன் வேலைகளில் ஒன்று. நெருக்கடி தினமும், வருடக்கணக்கில் என்றானால், எதிர்ப்பு அணுக்கள் கார்டிசாலின் சொல்லைக் கேட்காமல் போய்விடுகின்றன. அடக்க ஆள் இல்லாத தணல் நின்று எரிகிறது.

இரண்டாவது, வரிசையை மாற்றியதும் உடல் மாறியது என்ற செய்தி. குரங்குகளிடமே மேல் கீழ் இருக்கிறது, ஆகவே படிநிலை இயற்கை என்று சிலர் வாதம் செய்வார்கள். இந்த ஆய்வு அவர்களுக்கு உதவாது. யார் மேலே என்பதை ஒரு கதவைத் திறந்த வரிசை முடிவு செய்தது. வரிசை மாறியபோது, பிறவிக் குணம் போலத் தெரிந்ததும் மாறிவிட்டது.

மனிதர்களிடம் என்ன தெரிகிறது?

அமெரிக்கப் பொதுச் சுகாதார ஆய்வாளர் ஆர்லின் ஜெரோனிமஸ் 1992-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். வெயிலும் மழையும் காற்றும் பட்டுப் பாறை சிதைவதைப் பள்ளியில் படித்திருப்போம். அதற்கான ஆங்கிலச் சொல்லான 'வெதரிங்' என்பதையே அவர் எடுத்துக்கொண்டார். நிறவெறிச் சமூகத்தில் வாழ்வதே கறுப்பினப் பெண்களின் உடலை முன்கூட்டியே மூப்படையச் செய்கிறது என்றார். 2006-இல் அவரும் சக ஆய்வாளர்களும் இரத்த அழுத்தம், சர்க்கரை, அழற்சி அளவு போன்ற பல குறியீடுகளைச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். உடல் தேய்மானம் மிக அதிகமாக இருந்தது ஏழைக் கறுப்பினப் பெண்களிடம். அடுத்த இடத்தில் இருந்தவர்கள் ஏழை வெள்ளையர்கள் அல்ல, வறுமையில் இல்லாத கறுப்பினப் பெண்கள். காசு வந்த பிறகும் நிறவெறி உடலை விடவில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். 2022-இல் சங்கீதா வியாஸ், பாயல் ஹாத்தி, ஆஷிஷ் குப்தா ஆகிய மூவர் உத்தரப்பிரதேசம், பீகார், ஒடிசா, அசாம் உள்ளிட்ட ஒன்பது மாநிலங்களின் 2010-11 தரவுகளைக் கொண்டு ஆயுள் எதிர்பார்ப்பைக் கணக்கிட்டார்கள். உயர்சாதி இந்துக்களைவிடப் பழங்குடியினரின் ஆயுள் நான்கு ஆண்டுகளுக்கும் மேல் குறைவு. தலித்துகளுக்கு மூன்று ஆண்டுகளுக்கும் மேல் குறைவு. முஸ்லிம்களுக்குச் சுமார் ஓராண்டு குறைவு. பொருளாதார நிலையைக் கணக்கில் எடுத்த பிறகும் இந்த இடைவெளியில் பாதிக்கு மேல் அப்படியே நின்றது. தமிழ்நாடு அந்த ஒன்பதில் இல்லை. அதனால் இங்கே எல்லாம் சரியாக இருக்கிறது என்று பொருளாகாது, நாம் எண்ணிப் பார்க்க வேண்டும் என்றே பொருள்.

"வறுமைதான் பிரச்சினை, சாதி இல்லை" என்று விவாதங்களில் உங்களிடம் சொல்வார்கள். அப்போது இந்த இரண்டு ஆய்வுகளையும் நினைவில் வையுங்கள்.

அளப்பது ஆபத்தில்லையா?

சென்ற முறை இதைப் பேசியபோது ஒரு தங்கை கேட்டாள், "அக்கா, சாதியை ரத்தத்துல தேட ஆரம்பிச்சா, திரும்பவும் அவங்க வேற நாம வேறன்னு சொல்லிட மாட்டாங்களா?" நியாயமான பயம். காலனி அதிகாரி ரிஸ்லி மூக்கின் அகலத்தை அளந்து சாதிகளை வரிசைப்படுத்திய நாடு இது. ஆனால் அம்பேத்கர் என்ன செய்தார் என்பதையும் பாருங்கள். 1948-இல் வந்த தீண்டத்தகாதோர் பற்றிய நூலில், அதே மூக்களவுத் தரவுகளை எடுத்து வைத்தே, தீண்டப்படாதவர்கள் வேற்று இனத்தவர் என்ற கதையை உடைத்தார். அளவுகோலுக்குப் பயந்து அவர் ஓடவில்லை, அதைக் கையில் வாங்கிக்கொண்டார்.

நாம் தேடுவது இரத்தத்தில் இருக்கும் சாதியை அல்ல, அப்படி ஒன்று கிடையாது. சாதி இரத்தத்துக்குச் செய்த சேதத்தைத் தேடுகிறோம். என் ஆய்வகத்துக்கு வரும் மாதிரிகளோடு ஒரு படிவம் வரும். வயது, பால், எடை, சர்க்கரை, புகைப்பழக்கம் எல்லாம் அதில் இருக்கும். என்ன வேலை என்ற கட்டம் இருக்காது, சாதி என்ற கட்டமும் இருக்காது. அதனால் அம்மா போன்ற ஒருவரின் இரத்தத்தில் சி.ஆர்.பி. ஏறியிருந்தால், அது வயதின் கணக்கிலோ அவருடைய 'வாழ்க்கைமுறை'யின் கணக்கிலோ போய்ச் சேர்ந்துவிடும்.

அந்த வாழ்க்கைமுறை என்ற சொல்லையும் கொஞ்சம் கவனியுங்கள். 'இம்யூனிட்டியை ஏற்றும்' பொடியும் கஷாயமும் இன்று பெரிய வியாபாரம். எதிர்ப்பு சக்தியை ஏற்றிக்கொண்டே போவதல்ல ஆரோக்கியம். வேண்டியபோது எரிந்து, வேண்டாதபோது அணைவதே ஆரோக்கியம் என்பதை இதுவரை பார்த்தோம். நடக்கச் சொல்வதும், தூங்கச் சொல்வதும், பல்லைப் பார்த்துக்கொள்ளச் சொல்வதும் சரிதான், உங்கள் வீட்டில் இருப்பவர்களிடம் நீங்களும் சொல்லுங்கள். ஆனால் ஒரு நாளில் பத்து கிலோமீட்டருக்கு மேல் நடந்துகொண்டே கூட்டுகிற பெண்ணிடம் "வாக்கிங் போங்க" என்று சொல்வதற்கு முன், அவரிடம் வேலையைக் கேட்க வேண்டும்.

நாம் என்ன கேட்கலாம்?

முதலாவது, ஓய்வூதியம். தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்துக்கு வயது 60. அம்மாவின் உடலுக்கு அந்தக் கோடு எப்போதோ தாண்டிவிட்டது. சீட்டு எழுதியவரின் கண்ணுக்கே அது தெரிந்தது. ஆனால் காகிதத்தில் அவர் இன்னும் 'வேலை செய்யும் வயதில்' இருக்கிறார். தூய்மைப் பணி, தோல் பதனிடும் வேலை, செங்கல் சூளை போன்ற உடலை முன்கூட்டியே தேய்க்கும் வேலைகளுக்கு இந்த வயது வரம்பைக் குறைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

இரண்டாவது, நிரந்தரப் பணி. இதை மருத்துவக் கோரிக்கையாகவும் நான் பார்க்கிறேன். நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாமல் படுக்கும் உடல் அடங்காது. அதோடு முகக்கவசம், கையுறை, வேலை முடிந்ததும் குளிக்க இடம், வருடம் ஒருமுறை சர்க்கரை, சிறுநீரகம், நுரையீரல், பல் பரிசோதனை.

மூன்றாவது, நம்மைப் போன்ற மாணவர்களுக்கான வேலை. இந்திய முதியோர் பற்றிய 'லாசி' என்ற நீண்டகால ஆய்வின் முதல் சுற்று 2017-18-இல் நடந்தது. 45 வயதுக்கு மேற்பட்டவர்களும் அவர்களின் துணைவர்களுமாக 70,000-க்கும் அதிகமானவர்களிடம் சாதிப் பிரிவு, வேலை, நோய் எல்லாம் கேட்கப்பட்டன, இரத்தத் துளியும் எடுக்கப்பட்டது. ஆய்வாளர்கள் விண்ணப்பித்துப் பெறக்கூடிய தரவு அது. இங்கே புள்ளியியல் படிக்கிறவர்கள் இருக்கிறீர்கள், நர்சிங் படிக்கிறவர்கள் இருக்கிறீர்கள், மருத்துவம் படிக்கிறவர்களும் இரண்டு பேர் இருக்கிறீர்கள். சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம். நாளைக்கு நீங்கள் மருத்துவராக உட்காரும்போது, வந்தவரிடம் வயதைக் கேட்ட உடனே வேலையையும் கேளுங்கள்.

இந்தக் கூட்டத்துக்குக் கிளம்பும்போது அம்மாவிடம், "உன்னைப் பத்திப் பேசப் போறேன், பரவாயில்லையா?" என்று கேட்டேன். "பேசிக்கோ. ஆனா பாட்டின்னு சொன்னதை மட்டும் சொல்லாத" என்றார். அந்த ஒன்றை மட்டும் நான் மீறிவிட்டேன். அவரை அப்படிக் கூப்பிட வைத்தது அவருடைய வயது அல்ல என்பதை உங்களிடம் சொல்ல வேண்டியிருந்தது. இன்று இரவு வீட்டுக்குப் போய் அவரிடமும் சொல்லிவிடுகிறேன்.